வானம் அளித்த பெயர்



மனிதன் தன் வாழ்நாள் முழுவதும் சுமந்து செல்பவற்றுள் அவன் தானாகத் தேடிக்கொள்ளாதது ஒன்று உண்டு. அதுவே அவனுடைய பெயர். அவன் பேசத் தொடங்குமுன்பே பிறர் அதனை இட்டுவிடுகின்றனர். அவன் மறைந்த பின்பும் பிறர் அதனை வழங்குகின்றனர். பிறப்புக்கும் இறப்புக்கும் இடையில் அவனைக் கேளாமலேயே அவனைப்பற்றிப் பேசிக்கொண்டிருப்பது அவனுடைய பெயர்தான். ஆகவே, ஒரு பெயரின் வரலாற்றை ஆராய்வது பொழுதுபோக்கு அன்று. அப்பெயரை இட்ட சமுதாயத்தின் உள்ளத்தை ஆராய்வதே ஆகும்.

இத்தாலி நாட்டில் உம்பர்ட்டோ எக்கோ என்னும் அறிஞர் வாழ்ந்தார். 1932-ஆம் ஆண்டில் அந்நாட்டின் வடமேற்கிலுள்ள அலெஸ்ஸாண்ட்ரியா நகரில் பிறந்து, 2016-ஆம் ஆண்டில் மிலான் நகரில் மறைந்தவர். சொல்லும் உருவமும் சின்னமும் எவ்வாறு பொருள் உணர்த்துகின்றன என்பதை ஆராயும் குறியியல் என்னும் துறையில் பொலோஞா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். 1980-இல் வெளிவந்த ‘ரோஜாவின் பெயர்’ என்னும் அவருடைய நாவல் உலகின் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. உம்பர்ட்டோ என்பது பெற்றோர் அவருக்கு இட்ட பெயர். எக்கோ என்பது குடும்பப்பெயர். இத்தாலியில் மிகச் சிலரே தாங்கும் அரிய பெயர் அது. அப்பெயர் எங்கிருந்து வந்தது? அதன் பொருள் யாது? அஃது ஏன் இத்துணை அரிதாயிற்று? இம்மூன்று வினாக்களையும் எடுத்துக்கொண்டு சிறிது நேரம் உங்களோடு உரையாட விரும்புகிறேன்.

முதலில் இத்தாலியக் குடும்பப்பெயர்களின் பொது இயல்பை அறிந்துகொள்வோம். பண்டைய உரோமானியர் தம் பெயரோடு குலப்பெயரையும் கிளைப்பெயரையும் சேர்த்து வழங்கினர். உரோமப் பேரரசு சிதைந்தபோது அவ்வழக்கமும் சிதைந்தது. பின்னர்ப் பல நூற்றாண்டுகள் ஒருவருக்கு ஒரே பெயர் என்னும் நிலை நிலவியது. ஊர்கள் சிறியனவாக இருந்த வரையில் அதனால் இடர் ஒன்றும் விளையவில்லை. வாணிகம் பெருகி, நகரங்கள் வளர்ந்து, ஒரே தெருவில் பத்து ஜொவான்னிகள் வாழத் தொடங்கியபோது யார் எந்த ஜொவான்னி என்று பிரித்தறிய வேண்டியதாயிற்று. நிலம் விற்கும் பத்திரத்திலும், வரி வாங்கும் ஏட்டிலும், கடன் கொடுத்த கணக்கிலும் ஆள் மாறிவிட்டால் என்ன ஆகும்? எனவே பெயரோடு ஓர் அடைமொழியைச் சேர்த்தனர். அவ்வடைமொழியே காலப்போக்கில் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் குடும்பப்பெயராக நிலைத்தது. திரெந்து நகரில் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கம் 1563-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. ஒவ்வொரு பங்குக் கோயிலிலும் திருமண ஏடும் திருமுழுக்கு ஏடும் ஒழுங்காக எழுதப்பட்டு வருவதற்கு அச்சங்கம் வழிவகுத்தது. ஏட்டில் ஏறிய பெயர் எளிதில் மாறாது அல்லவா? அதன்பின் குடும்பப்பெயர் இத்தாலியெங்கும் உறுதி பெற்றது.

இவ்வாறு தோன்றிய பெயர்களை நான்கு வகையாகப் பிரிப்பது வழக்கம். தந்தையின் பெயரால் அமைந்தவை ஒரு வகை: தி ஜொவான்னி, தெ லூக்கா போன்றவை இன்னார் மகன் என்று பொருள்படும். ஊர்ப்பெயரால் அமைந்தவை மற்றொரு வகை: ரோமானோ, ஜெனொவேசே, லொம்பார்தி என்பன எவ்வூரான், எந்நாட்டான் என்பதைக் காட்டும். தொழிலால் வந்தவை மூன்றாம் வகை: ஃபெர்ராரி என்பது கொல்லரையும், மோலினாரி என்பது மாவரைக்கும் ஆலை நடத்துபவரையும், பார்பியேரி என்பது முடிதிருத்துபவரையும் குறிக்கும். உடல் தோற்றம் முதலியவற்றால் வந்த பட்டப்பெயர்கள் நான்காம் வகை: ரோஸ்ஸி என்றால் செந்நிற முடியினர்; கிராஸ்ஸோ என்றால் பருத்தவர்; கொப்பி என்றால் கூனர்.

இத்தாலியில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பப்பெயர்கள் வழங்குவதாகக் கணித்துள்ளனர். கொரியா நாட்டில் ஏறத்தாழ ஐவருள் ஒருவர் கிம் என்னும் ஒரே குடும்பப்பெயர் உடையவர் என்பதை எண்ணிப்பார்த்தால் இத்தாலியரின் பெயர்ச்செல்வம் எத்துணைப் பெரிது என்பது விளங்கும். அச்செல்வத்துள் மிகுதியாக வழங்குவன ரோஸ்ஸி, ரூஸ்ஸோ, ஃபெர்ராரி, எஸ்போசிட்டோ, பியாங்கி முதலியன. ரோஸ்ஸி என்னும் பெயர் பெருகியதற்குக் காரணம் எளிது. செம்முடி உடையவர் ஊர்தோறும் இருந்தனர். ஒருவரை ஒருவர் அறியாத நூற்றுக்கணக்கான ஊர்களில் அப்பெயர் தனித்தனியே பிறந்தது. கொல்லனும் அப்படியே; கொல்லுலை இல்லாத ஊர் ஏது? ஆகவே ரோஸ்ஸி என்ற பெயருடைய இருவர் சந்தித்தால் அவர்கள் உறவினராய் இருக்கவேண்டும் என்பதில்லை.

ஆனால் மேற்சொன்ன பட்டியலில் எஸ்போசிட்டோ என்னும் பெயர் இருக்கிறதே, அது நால்வகையுள் எதனைச் சேர்ந்தது? தந்தையின் பெயரா? ஊரா? தொழிலா? தோற்றமா? நான்கும் அன்று. எக்கோ என்னும் பெயரின் மறைபொருளைத் திறக்கும் திறவுகோல் இவ்வினாவில்தான் இருக்கிறது.

எஸ்போசிட்டோ என்பது ‘எக்ஸ்போசித்துஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் திரிபு. ‘வெளியே வைக்கப்பட்டவன்’ என்பது அதன் நேர்ப்பொருள். வறுமையாலோ ஊரார் பழிக்கு அஞ்சியோ பெற்றோர் வளர்க்க இயலாது விட்டுச்சென்ற குழந்தைகளுக்கு நேப்பிள்ஸ் நகரத்தில் வழங்கிய பெயர் அது. அந்நகரத்தின் அன்னுன்சியாத்தா என்னும் அறநிலையத்தின் சுவரில் மரத்தாலான ஓர் உருளை பொருத்தப்பட்டிருந்தது. அதன் ஒரு பக்கம் திறந்திருக்கும். தெருவில் நிற்பவர் குழந்தையை அதனுள் வைத்துச் சுழற்றினால் குழந்தை சுவரின் உட்புறம் சென்று சேரும். மணியோசை கேட்டு உள்ளிருக்கும் பணிப்பெண் ஓடிவந்து குழந்தையை எடுத்துக்கொள்வாள். வைத்தவரின் முகத்தை எடுத்தவர் காண்பதில்லை. இதனை இத்தாலியர் ‘ரூவோத்தா’, அதாவது சக்கரம், என்று அழைத்தனர்.

இத்தகைய நிலையங்கள் இத்தாலியில் பழமையானவை. கி.பி. 787-ஆம் ஆண்டிலேயே தாத்தேயுஸ் என்னும் குரு மிலான் நகரில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கென ஓர் இல்லம் நிறுவினார். 1198-இல் பதவியேற்ற போப்பாண்டவர் மூன்றாம் இன்னொசென்ட் ரோமாபுரியில் சாந்தோ ஸ்பிரித்தோ மருத்துவமனையை ஆதரித்து வளர்த்தார். டைபர் ஆற்றில் மீன் பிடிப்போரின் வலையில் குழந்தைகளின் உடல்கள் சிக்கியதைக் கேட்டு உள்ளம் நைந்தே அவர் இப்பணியை மேற்கொண்டார் என்பது மரபு. பிளாரன்ஸ் நகரில் பட்டு வணிகர் சங்கத்தார் 1419-இல் ஓர் இல்லம் கட்டத் தொடங்கினர். அதனை வரைந்தமைத்தவர் அந்நகரப் பேராலயத்தின் மாபெரும் குவிமாடத்தை எழுப்பிய புருனெல்லெஸ்கி என்னும் கட்டடக் கலைஞரே. 1445-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 5-ஆம் நாள் அங்கு முதற்குழந்தை வந்து சேர்ந்தது. பெண் குழந்தை. அன்று புனித அகத்தாளின் திருநாள் ஆதலின் அகத்தா ஸ்மெரால்தா என்று பெயரிட்டனர். அவ்வில்லத்தின் பெயர் ‘மாசற்ற குழந்தைகளின் மருத்துவமனை’ என்பதாம். துணியில் சுற்றிய குழந்தை உருவங்களை ஆந்திரேயா தெல்லா ரோப்பியா என்னும் சிற்பி சுடுமண்ணில் வடித்து அதன் முகப்பில் பதித்தார். இன்றும் பிளாரன்ஸ் செல்வோர் அவற்றைக் காணலாம்.

பெற்றோர் யாவரும் கல்நெஞ்சினர் என்று எண்ணிவிடாதீர்கள். பலர் ஒரு பதக்கத்தை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் குழந்தையின் துணியில் வைத்து, மறுபாதியைத் தம்மிடம் காத்து வைத்தனர். நல்ல காலம் வந்தால் இரு பாதிகளையும் பொருத்திக் காட்டிக் குழந்தையை மீட்கலாம் என்பது அவர்தம் நம்பிக்கை. பிளாரன்ஸ் இல்லத்தின் அருங்காட்சியகத்தில் அத்தகைய பாதிப் பதக்கங்கள் இன்றும் காக்கப்படுகின்றன. மறுபாதி வந்து சேராத பதக்கங்கள் அவை. ஒவ்வொன்றின் பின்னும் வர எண்ணியும் வர இயலாது போன ஒரு தாய் இருக்கக்கூடும்.

குழந்தையை எடுத்தாயிற்று, பாலூட்டக் கிராமத்துத் தாதியொருத்தியிடம் ஒப்படைக்கவேண்டும், அதற்குமுன் ஏட்டில் எழுதவேண்டும். என்ன பெயர் எழுதுவது? புனிதர் ஒருவரின் பெயரை முதற்பெயராக இட்டுவிடலாம். குடும்பப்பெயருக்குக் குடும்பம் வேண்டுமே! குடும்பம் இல்லாத குழந்தைக்கு நிலையமே குடும்பமாயிற்று. பிளாரன்ஸில் வளர்ந்தவர் இன்னொசெந்தி எனப்பட்டனர். புறாவைச் சின்னமாகக் கொண்ட மிலான் மருத்துவமனையில் வளர்ந்தவர் கொலம்போ எனப்பட்டனர். கொலம்போ என்றால் புறா. பொலோஞாவில் தெலி எஸ்போஸ்தி என்றும், ரோமாபுரிப் பகுதியில் புரோயெத்தி என்றும் எழுதினர். வேறு சில இடங்களில் துரோவாத்தோ, அதாவது ‘கண்டெடுக்கப்பட்டவன்’, என்றனர்.

இப்பெயர்களை ஒருங்கு வைத்து நோக்குங்கள். நடந்த செயல் ஒன்றே. பசித்த ஒரு குழந்தை ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாறியது. ஆனால் அச்செயலை எந்தச் சொல்லால் குறிப்பது என்பதில் எத்துணை வேறுபாடு! எஸ்போசிட்டோ என்றால் வெளியே வைக்கப்பட்டவன். புரோயெத்தி என்பதன் மூலமாகிய இலத்தீன் சொல்லுக்கோ ‘எறியப்பட்டவன்’ என்று பொருள். வைத்தவர் பெயரை விட்டுவிட்டு, எறிந்தவர் பெயரை விட்டுவிட்டு, வைக்கப்பட்டதையும் எறியப்பட்டதையும் குழந்தையின் நெற்றியில் எழுதினர். நேப்பிள்ஸ் நகரத்து எளிய மக்கள் இக்குழந்தைகளை ‘அன்னை மரியின் பிள்ளைகள்’ என்று அன்போடு அழைத்தனர். ஆனால் மக்கள் வாய்ச்சொல் காற்றோடு போயிற்று, ஏட்டுச்சொல் நின்றது. அக்குழந்தை வளர்ந்து தொழில் கற்கச் சென்றபோதும், பெண் கேட்கச் சென்றபோதும், சான்று கூற மன்றம் ஏறியபோதும் அவனுடைய கதை அவனுக்கு முன்னே சென்று வாயிலில் நின்றது. அவனுடைய பேரனும் அதே பெயரைச் சுமந்தான். குற்றம் ஏதும் செய்யாதவனுக்கு வழிவழியாகத் தொடரும் அடையாளக்குறி ஒன்று அமைந்துவிட்டது.

இது தகாது என்பதை ஆட்சியாளர் உணரப் பல நூற்றாண்டுகள் ஆயின. நெப்போலியனின் மைத்துனனாகிய முராட் 1808 முதல் 1815 வரை நேப்பிள்ஸ் அரசனாக இருந்தான். அவனுடைய ஆட்சியில், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு எஸ்போசிட்டோ என்று பெயரிடுவது தடை செய்யப்பட்டது. பிற பகுதிகளிலும் இவ்வழக்கம் படிப்படியாகக் கைவிடப்பட்டது. சுவரிலிருந்த சக்கரங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பெர்ராரா நகரில் 1867-லும், நேப்பிள்ஸிலும் பிளாரன்ஸிலும் 1875-லும் அவை நின்றன. 1923-இல் நாடு முழுவதும் ஒழிந்தன.

எல்லாருக்கும் ஒரே பெயர் என்னும் முறை நீங்கியதும் ஒவ்வொரு குழந்தைக்கும் புதியதொரு குடும்பப்பெயரை ஆக்கவேண்டியதாயிற்று. அப்பணி நிலைய அதிகாரியிடமும் நகர மன்றத்து எழுத்தரிடமும் வந்தது. அவர்கள் கவிஞர் அல்லர். ஆனால் நாள்தோறும் பெயர் படைக்கவேண்டிய கட்டாயம் அவர்களைச் சொல்லாக்குநர் ஆக்கியது. மலர், மரம், மாதம், ஊர், பறவை என்று கண்ணிற்பட்டதும் கருத்திற்பட்டதும் பெயராயின. இவ்வாறுதான் இத்தாலியில் வேறெங்கும் காணப்படாத அரிய குடும்பப்பெயர்கள் பல தோன்றின. அவற்றுள் ஒன்றே எக்கோ.

உம்பர்ட்டோ எக்கோவின் பாட்டனார் ஒரு கண்டெடுத்த குழந்தை. அவருக்கு அப்பெயரை இட்டவர் நகர மன்றத்து அலுவலர் ஒருவர். இத்தாலிய மொழியில் எக்கோ என்னும் சொல்லுக்கு எதிரொலி என்பது பொருள். ஆனால் எதிரொலி என்னும் கருத்தில் இப்பெயர் இடப்படவில்லை என்றும், மூன்று இலத்தீன் சொற்களின் சுருக்கமே இது என்றும் கருதப்படுகிறது. அம்மூன்று சொற்கள் ‘எக்ஸ் கேலிஸ் ஒப்லாத்துஸ்’ என்பன. எ, க், ஒ என்னும் முதலொலிகளைச் சேர்த்தால் எக்கோ ஆகிறது. ‘வானுலகினின்று அளிக்கப்பட்டவன்’ என்பது அத்தொடரின் பொருள். இவ்விளக்கத்தை எக்கோ தாமே பிற்காலத்தில் பிறர் வாயிலாகக் கேட்டறிந்து எடுத்துக்கூறியிருக்கிறார்.

‘ஒப்லாத்துஸ்’ என்னும் சொல்லைச் சிறிது ஊன்றி நோக்கவேண்டும். அளிக்கப்பட்டவன், காணிக்கையாகத் தரப்பட்டவன் என்று அது பொருள்படும். இடைக்காலத்தில் பெற்றோர் தம் மகனை இறைபணிக்கென்று மடத்தில் கொண்டுவந்து ஒப்படைப்பதுண்டு. அச்சிறுவனுக்கு வழங்கிய பெயர் அதுவே. எனவே அஃது இழிவுச்சொல் அன்று, உயர்வுச்சொல். வெளியே வைக்கப்பட்டவன், எறியப்பட்டவன், அளிக்கப்பட்டவன் என்னும் மூன்று சொற்களையும் ஒரு தராசில் வைத்துப் பாருங்கள். முதலிரண்டும் குழந்தையை விட்டுச்சென்றவரின் பக்கம் நின்று பேசுகின்றன. மூன்றாவது, குழந்தையைப் பெற்றுக்கொண்டவரின் பக்கம் நின்று பேசுகிறது. போனவர் கண்ணுக்குச் சுமையாகத் தோன்றியது, வந்தெடுத்தவர் கண்ணுக்குக் கொடையாகத் தோன்றுகிறது. உண்மையை அந்த அலுவலர் மறைக்கவில்லை. தந்தை இன்னார் என்று பொய் எழுதவுமில்லை. தாய் தந்தை அறியப்படாத நிலையையே மதிப்புக்குரியதாகும்படி சொல்லிவிட்டார். அதனையும் மூன்றொலிக்குள் மறைத்து வைத்ததால், பெயரைக் கேட்பவர் எவரும் குழந்தையின் கதையை அறிய இயலாது. பரிவும் நுண்ணறிவும் ஒருங்கே அமைந்த பெயர் இது.

அந்தப் பாட்டனார் அச்சுக்கோப்பவராக உழைத்தார். ஓய்வு பெற்ற பின் புத்தகங்களுக்குக் கட்டடம் கட்டித் தரும் தொழிலை மேற்கொண்டார். அவருக்குப் பிள்ளைகள் பதின்மூவர். அவர்களுள் ஒருவரான ஜூலியோ கணக்கராகப் பணிபுரிந்தார். அவருடைய மகனே உம்பர்ட்டோ. பெயரில்லாமல் பிறந்த ஒருவர் பிறருடைய சொற்களை அச்சில் அடுக்கி வாழ்ந்தார். அவர் பேரர் சொற்களும் சின்னங்களும் பொருள் பெறும் விதத்தை உலகுக்கு விளக்கினார். பேர் சொல்லும் பிள்ளை என்று நாம் சொல்வதுண்டு. எக்கோ என்னும் பெயரை உலகம் சொல்லும்படி செய்த பேரன் அவர்.

இனி மூன்றாம் வினாவுக்கு வருவோம். இப்பெயர் ஏன் அரிதாயிற்று? ரோஸ்ஸி போன்ற பெயர் பல நூறு ஊற்றுக்களிலிருந்து பெருகிய ஆறு. எக்கோ போன்ற பெயரோ ஓர் எழுத்தரின் மைக்கூட்டிலிருந்து சிந்திய ஒரு துளி. ஒருவரோடு தொடங்கும் பெயர், அவர்தம் ஆண்மக்கள் வழியாக மட்டுமே பரவ இயலும். அவ்வழி அடைபட்டால் பெயரும் அற்றுப்போகும்.

இதனைக் கணக்காகவே ஆராய்ந்தவர் உண்டு. குடும்பப்பெயர்கள் ஏன் அழிந்துபோகின்றன என்ற வினாவை இங்கிலாந்து நாட்டு அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1873-ஆம் ஆண்டில் ஒரு கல்விப் பத்திரிகையில் எழுப்பினார். ஹென்றி வில்லியம் வாட்சன் என்னும் குருவும் கணித அறிஞருமானவர் அதனை ஆராய முன்வந்தார். அவர்கள் வகுத்த முறை இன்றும் அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது. அதன் சாரத்தை எளிய எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஒரு தீவில் நூறு ஆடவர். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குடும்பப்பெயர். நால்வரில் ஒருவருக்கு மகன் இல்லை. இருவருக்கு ஒவ்வொரு மகன். ஒருவருக்கு இரண்டு மகன்கள் என்று கொள்ளுங்கள். மொத்தத்தில் மக்கள்தொகை குறையவில்லை. நூறு தந்தையருக்கு நூறு மகன்கள். ஆனால் பெயர்களின் கதி என்ன? முதல் தலைமுறையிலேயே 25 பெயர்கள் மறையும். இரண்டாம் தலைமுறையின் முடிவில் மறைந்தவை ஏறத்தாழ 39 ஆகும். மூன்றாம் தலைமுறையில் 48-ஐ எட்டும். மக்கள் அத்தனை பேரும் இருப்பர். பெயர்களில் பாதி இராது. கொள்ளைநோயும் போரும் இல்லாமலேயே, வெறும் தற்செயலால் பெயர்கள் இவ்வாறு மறைகின்றன. ஒருவரை மட்டும் நம்பியிருக்கும் அரிய பெயர் எத்துணை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது இதனால் புலப்படும். பதின்மூன்று பிள்ளைகள் பிறந்த வீட்டில் எக்கோ என்னும் பெயர் பிழைத்துக்கொண்டது.

குடும்பப்பெயர்களின் பரவலை ஆராய்வது மனித இனத்தின் மரபியலை ஆராய்வதற்கும் துணையாகிறது. கவல்லி-ஸ்ஃபோர்சா என்னும் இத்தாலிய மரபியல் அறிஞர், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்மா நகரை அடுத்த பள்ளத்தாக்கின் கோயில் ஏடுகளைத் துருவி ஆராய்ந்தார். எந்தப் பெயர் எந்த ஊரில் எத்தனை தலைமுறை நின்றது என்று கண்டு, மக்கள் எங்கிருந்து எங்கே பெயர்ந்தனர், நெருங்கிய உறவினருள் மணம் எவ்வளவு நிகழ்ந்தது என்பவற்றைக் கணித்தார். திரெந்துச் சங்கத்தார் சமயநெறி கருதி எழுதச் செய்த ஏடுகள் நானூறு ஆண்டுகளுக்குப் பின் அறிவியலுக்குக் கருவியாயின.

இங்கே உங்களுக்கு ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். பெயரின் பொருள் தெரிந்தவுடன் பெயருடையவரின் குலம் தெரிந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. கொலம்போ என்னும் பெயருடையோர் எல்லாரும் மிலான் மருத்துவமனையில் வளர்ந்தவரின் வழியினர் அல்லர். அமெரிக்காவுக்குக் கடல்வழி கண்ட கொலம்பஸ் ஜெனோவா நகரத்து நெசவாளர் ஒருவரின் மகன். அவருடைய குடும்பப்பெயரும் கொலம்போதான். தியோத்தல்லேவி என்றொரு பெயர் உண்டு. ‘கடவுள் உன்னை வளர்ப்பாராக’ என்பது பொருள். கைவிடப்பட்ட குழந்தைக்கு மிகவும் பொருந்தும் பெயர்தான். ஆனால் இடைக்காலத்தில் அருமையாகப் பெற்ற பிள்ளைக்கு வாழ்த்தாகவும் பெற்றோர் அதனை இட்டனர். எக்கோ 1988-இல் வெளியிட்ட ‘ஃபூக்கோவின் ஊசல்’ என்னும் நாவலில் இப்பெயருடைய பாத்திரம் ஒன்று வருகிறது. தன் பெயரை வைத்துத் தன் முன்னோர் யூதர் என்று அவன் நம்ப, அஃது ஓர் எழுத்தர் கண்டெடுத்த குழந்தைக்கு இட்ட பெயரே என்று நண்பன் மறுக்கிறான். பெயரைக் கொண்டு குலத்தை நிறுவ முற்படுவது எத்துணை வழுக்கலான நிலம் என்பதை, தம் பெயரின் வரலாறு அறிந்த ஒருவர் கதையாக எழுதிக்காட்டினார் போலும்!

பெயரால் வந்த இழிவைத் துடைக்கும் பணி அரசனின் ஆணையோடு முடிந்துவிடவில்லை. எஸ்போசிட்டோ என்னும் புதுப்பெயர் நின்றபின்னும் தந்தை அறியப்படாதவரின் சான்றிதழ்களில் ‘என்.என். மகன்’ என்று எழுதும் வழக்கம் நீடித்தது. பெயர் அறியேன் என்னும் இலத்தீன் தொடரின் சுருக்கம் அது. மேலவை உறுப்பினராகிய லீனா மெர்லின் அம்மையார் இதனை எதிர்த்துப் போராடினார். 1955-ஆம் ஆண்டின் சட்டம் சான்றிதழ்களில் அக்குறிப்பை நீக்கியது. திருமணத்திற்குள் பிறந்தவர், வெளியே பிறந்தவர் என்னும் சட்ட வேறுபாட்டை 2012-ஆம் ஆண்டின் சட்டம் அகற்றியது. குழந்தைக்குத் தந்தையின் பெயரே தானாக வந்து சேரும் முறையும் தகாது என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. தாய் தந்தை இருவரின் குடும்பப்பெயர்களையும் குழந்தை தாங்கும். இருவரும் உடன்பட்டால் ஒன்றை மட்டும் இடலாம் என்பது அத்தீர்ப்பு.

இன்றும் இத்தாலியில் ஒரு தாய் தன் பெயரை வெளியிடாமல் மருத்துவமனையில் குழந்தையைப் பெற்றுச் செல்லச் சட்டம் இடமளிக்கிறது. பெற்றோர் அறியப்படாத குழந்தைக்குப் பெயரும் குடும்பப்பெயரும் இடவேண்டியவர் பதிவு அலுவலரே. அவருக்கு 2000-ஆம் ஆண்டின் விதிகள் ஒரு கட்டளை இடுகின்றன. குழந்தையின் பிறப்பு நிலையைக் காட்டிக்கொடுக்கும் பெயரை இடலாகாது. வரலாற்றுப் புகழ் வாய்ந்த குடும்பத்தின் பெயரையோ, அவ்வூரில் நன்கு அறியப்பட்ட குடும்பத்தின் பெயரையோ இடலாகாது. அதாவது, குழந்தையை இழிவுபடுத்தவும் கூடாது. பொய்ப்பெருமை பூட்டவும் கூடாது. எக்கோவின் பாட்டனாருக்குப் பெயரிட்ட அலுவலர், இவ்விதி எழுதப்படுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அதனைத் தம் நெஞ்சில் எழுதியிருந்தார் என்று சொல்லத் தோன்றுகிறது.

நண்பர்களே, ஒரு குழந்தையைப்பற்றி நாம் அறிந்தது ஒன்றுமே இல்லாதபோது அதனை எந்தச் சொல்லால் அழைக்கிறோம் என்பதே நம்முடைய பண்புக்கு உரைகல். ஏட்டின்மீது குனிந்திருந்த எழுத்தர்கள் பலர் எறியப்பட்டவன் என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினர். ஒருவர் சற்றே தயங்கி, அளிக்கப்பட்டவன் என்று எழுதினார். அவர் செலவிட்டது சில நொடிப்பொழுது, சிறிது மை. அவருடைய சொந்தப் பெயரை இன்று எவரும் சொல்வதில்லை. அவர் இட்ட பெயரோ உலகத்து நூலகங்களிலெல்லாம் இருக்கிறது. நாளை நீங்களும் ஆசிரியர்களாக, மருத்துவர்களாக, அலுவலர்களாகப் பிறருடைய பெயருக்கு நேரே ஒரு சொல்லை எழுதும் இடத்தில் அமரக்கூடும். அப்பொழுது அவ்வெழுத்தரை நினைவுகூருங்கள்.